இரண்டரை மணி நேரம் இருந்தது



டிசம்பர் இதழின் பக்கங்கள் முடிவாகும் நேரத்தில் நாகை மாவட்டக் கடலோரப் பள்ளி ஆசிரியை ஒருவரின் கடிதம் வந்தது. அவர் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் 2004க்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். டிசம்பர் 26 வந்தால் ஊரோடு கடற்கரைக்குப் போகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், கடலில் பூவும் பாலும் விடுகிறார்கள், நினைவுத்தூணில் இருக்கும் பெரியம்மாவின் பெயரையும் தாய்மாமன் பெயரையும் தொட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் சுனாமி ஏன் வந்தது என்று கேட்டால் "கடலம்மாவுக்குக் கோவம் டீச்சர்" என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லையாம். ஒரு பையன் மட்டும் எழுந்து கேட்டிருக்கிறான்: "எங்க தாத்தா அன்னைக்குக் கடல்லதான் இருந்தாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியலையாம். கரையில நின்ன ஆயாதான் போயிருச்சு. அது எப்படி டீச்சர்?"

எவ்வளவு சரியான கேள்வி! இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தப் பையனுக்காகவே எழுதுகிறேன்.

நாம் நிற்கும் தரை அசையாதது என்பது நம் நினைப்பு. நம்மைச் சுமக்கும் இந்தியப் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து, சுமத்ரா, நிக்கோபார், அந்தமான் தீவுகளுக்கு அடியில் சரிந்து நுழைந்துகொண்டிருக்கிறது. நுழையும் இடத்தில் இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. கீழே போகும் தட்டு மேலே இருப்பதன் விளிம்பையும் சேர்த்து இழுக்க, அந்த விளிம்பு நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வளைந்துகொண்டே வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை 6.29க்கு, சுமத்ராவின் வடமேற்கே அந்தப் பிடி விட்டது. வளைத்துப் பிடித்திருந்த மூங்கில் கழி கைநழுவியதும் நிமிர்வதுபோல அந்த விளிம்பு மேலே எழும்பியது. விரிசல் அந்தமான்வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு ஓடியது. ஓடி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் கணக்கில் 9.1.

கடலடித்தளம் சில மீட்டர் எழும்பினால் அதன்மேல் நிற்கும் தண்ணீர் முழுவதும் எழும்ப வேண்டும். காற்று கிளப்பும் அலை கடலின் மேற்பரப்பை மட்டும் கலக்கும்; சிறிது ஆழம் போனால் அங்கே அமைதிதான். சுனாமியிலோ தரையிலிருந்து மேற்பரப்புவரை, நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள நீர் மொத்தமும் நகர்கிறது. அந்த ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர், விமான வேகம். ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு இருக்கும். அன்று தற்செயலாக வங்கக்கடலுக்கு மேலாகப் போன ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள், நடுக்கடலில் அந்த அலையின் உயரத்தைப் பதிவு செய்திருக்கிறது: ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதாவது முழங்காலைச் சற்றுத் தாண்டிய உயரம், அதுவும் பல நிமிடங்களில் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. வலை போட்டுக்கொண்டிருந்த தாத்தாவின் படகு ஏறியது, இறங்கியது. உணர்வதற்கு அதில் எதுவும் இல்லை.

கரையை நெருங்க நெருங்கக் கடல் ஆழம் குறைகிறது, அலையின் முன்பகுதி வேகம் குறைகிறது. பின்னால் வருகிற தண்ணீரோ ஆழத்தில் இன்னும் அதே விரைவில் வந்துகொண்டிருக்கிறது. முன்னே போனது தயங்க, பின்னே வந்தது அதன்மேல் ஏற, நீர் குவிந்து உயர்கிறது. நாகையை ஒட்டிய அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் தப்பியவர்கள் சொன்னதைக் கேட்டால் புரியும்: சுருண்டு விழும் அலையை அவர்கள் பார்க்கவில்லை. கடல் மட்டமே உயர்ந்து, சேற்றைக் கலக்கிக்கொண்டு கறுப்பாக உள்ளே வந்தது, பல நிமிடங்களுக்கு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. சாதாரண அலை சில விநாடிகளில் திரும்பிப் போய்விடும் என்பது கடலோரத்தாரின் உடம்பிலேயே ஊறிய கணக்கு. அந்தக் கணக்கு அன்று பொய்த்தது. திரும்பிப் போன தண்ணீர் வீட்டுச் சாமானையும் மனிதரையும் வாரிக்கொண்டு போனது. வடிந்ததும் பிள்ளையைத் தேடவும் வலையை எடுக்கவும் கரைக்கு ஓடியவர்களை அடுத்த அலை பிடித்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கடல் உள்வாங்கினால் ஓடு என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான், பாதி அறிவுரை. அன்று கடலடித்தளம் உயர்ந்தது விரிசலின் மேற்குப் பக்கம்; தாழ்ந்தது கிழக்குப் பக்கம். அதனால் தாய்லாந்தை நோக்கிப் போன அலைக்கு முன்னால் பள்ளம் போனது, அங்கே கடல் முதலில் வற்றியது. நம்மையும் இலங்கையையும் நோக்கி வந்த அலைக்கு முகடு முன்னால் வந்தது. நம் ஊர்கள் பலவற்றில் கடல் எதையும் காட்டாமல் நேரே உள்ளே வந்துவிட்டது. அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் மாமல்லபுரம் போன்ற இடங்களில் கடல் பின்வாங்கியது. மணல் அரிக்கப்பட்டபோது அங்கே புதைந்திருந்த பல்லவர் காலக் கல்சிங்கம் ஒன்றும் வெளிப்பட்டது. கடல் உள்வாங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவர் நம் கரையில் காலம் தாழ்த்துகிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஏன் நாகப்பட்டினம் மட்டும் இவ்வளவு அடி வாங்கியது என்றும் பலர் கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு மாவட்டத்தவர். இராமநாதபுரத்தின் பாக் நீரிணைக் கரையை இலங்கை மறைத்துக் காத்தது. அந்த மறைப்பு முடியும் இடத்துக்கு வடக்கே, வெட்டவெளியாக நிற்கிறது நாகை. தாழ்ந்த நிலம், சமதளக் கரை, தண்ணீர் உள்ளே நுழைய வாகான முகத்துவாரங்கள், கடலை ஒட்டி நெருக்கமான குப்பங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம் வேறு. கன்னியாகுமரியின் கதை வேறு மாதிரி. அலை இலங்கையைச் சுற்றி வளைந்து வந்து குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் பின்பக்கமாகத் தாக்கியது. மேற்குக் கரையில் இருப்பதால் நமக்கு ஆபத்தில்லை என்று யாரும் நினைக்க முடியாது.

இலங்கையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 35,000 பேர், அவர்களில் அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு, திருகோணமலைத் தமிழரும் முஸ்லிம்களும் ஏராளம். பெரலிய என்ற இடத்தில் நின்றிருந்த ரயிலோடு போனவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். பதினான்கு நாடுகளில் மொத்தம் ஏறத்தாழ 2,30,000 உயிர்கள்.

இனி, இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நிலம் நடுங்கியது 6.29க்கு. சென்னையிலும் நாகையிலும் கடல் நுழைந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஹவாயில் இருக்கும் பசிபிக் எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்திலேயே நிலநடுக்கத்தைக் கண்டுவிட்டது. ஆனால் அப்போது அவர்கள் பொறுப்பு பசிபிக் கடலுக்கு மட்டும், இந்தப் பக்கம் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு ஏற்பாடே இருக்கவில்லை. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளத்தைக் கடல் வாரிக்கொண்டு போன பிறகும் நம் கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. இரண்டரை மணி நேரத்தில் ஒரு குப்பத்து ஜனம் கைக்குழந்தையையும் கிழவியையும் கூட்டிக்கொண்டு சிரமமில்லாமல் இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்துவிடலாம். தட்டு நகர்ந்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. இத்தனை சாவுக்கு அது ஒன்றே காரணம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு கிராமத்தில் அன்று நடந்ததைப் பாருங்கள். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் நடத்தி வந்தது. கடல் அலை உயரத்தையும் காற்றின் போக்கையும் ஒலிபெருக்கியில் தினமும் சொல்வார்கள், கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவார்கள். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியையும் அலைகள் தாக்கும் செய்தியையும் கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். செய்தி ஊருக்குள் பரவ, தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு விலகினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, மனிதர்கள் இருந்தார்கள். விஞ்ஞானக் கருவி எதுவும் அங்கே இல்லை. தினமும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி இருந்தது, அதன் சொல்லை ஊர் நம்பியது, செய்தியைக் கொண்டுவர ஒரு பிள்ளை இருந்தான்.

சுமத்ராவுக்கு அருகே சிமலூ என்ற தீவு. நிலநடுக்க மையத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், சுமார் 78,000 மக்கள் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து நிறையப் பேர் மாண்டார்கள். அப்போது பிழைத்தவர்கள் அதைக் கதையாகவும் தாலாட்டாகவும் ஆக்கிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்: பெரிதாக நிலம் ஆடி, கடல் வற்றினால், எதையும் எடுக்காதே, மலைக்கு ஓடு. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, கதை கேட்டு வளர்ந்தவர்கள் ஓடினார்கள். பாட்டிமார்கள் இப்படிப்பட்ட அறிவைச் சுமந்து வந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் சிமலூவின் பாடத்தை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு நிலமே ஆடிச் சொல்லிவிட்டது. நிக்கோபார்வாசிகளுக்கும் அதுவே எச்சரிக்கை, நிமிடங்கள்தான் அவகாசம். நம் கரைக்கு அந்த நடுக்கம் வந்து சேர்ந்தபோது பலருக்குத் தெரியவே இல்லை. சிலர் கட்டில் ஆடியதாக நினைத்துத் திரும்பிப் படுத்தார்கள். தொலைவு நமக்கு நேரத்தைக் கொடுக்கிறது, அடையாளத்தைப் பறித்துக்கொள்கிறது. அதனால் நம்மைக் காப்பாற்ற வேறு யாரோ சொல்ல வேண்டும். சொல்வது வந்து சேர வேண்டும். வந்ததை நம்ப வேண்டும்.

சொல்வதற்கு இப்போது ஆள் இருக்கிறது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தில் 2007 அக்டோபரிலிருந்து சுனாமி எச்சரிக்கைப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. நிலநடுக்கமானிகள், துறைமுகங்களில் ஓத அளவிகள், கடலடியில் நீரழுத்தம் பார்க்கும் கருவிகள், அவற்றின் செய்தியை மேலே அனுப்பும் மிதவைகள். ஆழ்கடலில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அடியில் உள்ள கருவிக்குத் தெரியும். நடுக்கம் நிகழ்ந்த பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிவிப்பு வெளியாகும். கடலோடிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மிதவையில் படகைக் கட்டினால் அது பழுதாகிறது, கருவி ஊமையாகிறது. அது உங்கள் வீட்டுக்காகத்தான் அங்கே மிதக்கிறது.

2012 ஏப்ரல் 11 பலருக்கு நினைவிருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஜனம் வீதிக்கு வந்தது, கடலோரத்தை விட்டு மக்கள் வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடலடித்தளம் மேலே அதிகம் எழும்பவில்லை, எனவே தண்ணீரும் அதிகம் எழும்பவில்லை. வீணாக ஓடவிட்டார்கள் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் நிமிடங்களில் நடுக்கத்தின் அளவுதான் தெரியும், எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது பிறகுதான் தெளிவாகும். அந்தத் தெளிவுக்காகக் காத்திருக்காமல் ஓடச் சொன்னதே சரி. அடுத்த முறையும் ஓட வேண்டும்.

எல்லாச் சுனாமிக்கும் நிலநடுக்கம் முன்னறிவிப்புத் தராது என்பதையும் குறித்துக்கொள்வோம். 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்து எழுந்த அலைகளில் 36,000 பேர் மாண்டார்கள். 2018 டிசம்பரில் அதே இடத்தில் முளைத்த குட்டி எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்தபோது, எந்த எச்சரிக்கையும் ஒலிக்காமல் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

விளைவுகளைப் பற்றி எழுதுபவர்கள் இறந்தவர் கணக்கோடு நின்றுவிடுகிறோம். அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு செய்தி இருக்கிறது. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005இல் வெளியிட்ட அறிக்கைப்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள், கடல் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. பெண்கள் கரையில் படகை எதிர்பார்த்து நின்றார்கள். மீனை வாங்கி விற்பதும் கருவாடு காயப்போடுவதும் அவர்கள் வேலை. கடலோரத்தில் பிறந்தும் நீந்தக் கற்றுத்தரப்படாதவர்கள். இடுப்பில் குழந்தை. சேலையும் கூந்தலும் வேலிக்காத்தான் முள்ளில் சிக்கின. மீனவக் குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருவதை ஊர்ப் பஞ்சாயத்துகள் ஏன் ஒரு கட்டாயமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இரண்டு பிள்ளைகள் போதும் என்று குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு, அந்த இரண்டையும் ஒரே காலையில் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு அரசு உதவியது. சிலருக்குக் கை நிறைந்தது. சிலருக்கு நிறையவில்லை, அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவும் இல்லை.

வயல்களில் உப்பு படிந்தது, கிணற்றுத் தண்ணீர் கரித்தது. இனி இங்கே நெல் விளையாது என்று பேசப்பட்ட நாகை நிலங்களில் இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் போன்றவர்கள் உழவர்களோடு இறங்கி, சேற்றை அகற்றி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவைத்தார்கள். மழையும் கைகொடுத்தது. மண் நாம் நினைத்ததைவிட விரைவில் மீண்டது. மனிதர்கள் பட்டது வேறு. பிணம் தின்ற மீன் என்ற வதந்தியில் பல வாரங்கள் சந்தையில் மீன் விலைபோகவில்லை. படகு தப்பியவர்களும் பட்டினி கிடந்தார்கள். பிறகு உதவி குவிந்தபோது, கட்டுமரம் இருந்த இடத்திலெல்லாம் ஃபைபர் படகு வந்தது. முன்பைவிடப் படகுகள் பெருகின, மீன் பெருகவில்லை. நிலமே தாழ்ந்த இடமும் உண்டு: கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துவிட்டது.

மரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதி மக்கள் 2002இல் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டு கின்னஸ் சாதனை செய்தவர்கள். கடலோரத் தோப்புக்குப் பின்னால் இருந்த அந்த ஊரில் சேதம் குறைவு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களும் பெரும்பாலும் தப்பின. ஆய்வாளர்களிடையே இதில் வாதம் உண்டு. தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன என்று சிலர் காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் படித்த பிறகு என் முடிவு இது: காடும் மணல்மேடும் அலையின் வேகத்தைக் குறைக்கும், எனவே அவற்றை வெட்டவும் அள்ளவும் விடக்கூடாது, ஆனால் சவுக்குத்தோப்பு இருக்கிறது என்று எச்சரிக்கை ஒலித்த பிறகும் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்ற இரண்டு மீனவ ஊர்களுக்கு 2020இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 'சுனாமிக்குத் தயார்' என்ற சான்று அளித்தது. இந்தியப் பெருங்கடல் கரையிலேயே முதலில் பெற்றவை அவை. எந்த வழியாக ஓடுவது என்று வரைபடம், வழியில் பலகைகள், ஆண்டுதோறும் ஒத்திகை, ஊருக்குள் ஒரு குழு. பெரிய செலவு பிடிக்கிற காரியம் எதுவும் இல்லை. ஆறாயிரம் உயிரைக் கொடுத்த நம் நாகைக் கரையின் ஒவ்வொரு குப்பமும் அந்தச் சான்றைப் பெற வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு நீங்கள் உதவ வேண்டும். கடலோரத்தில் இருக்கும் வாசகர்கள், குறிப்பாக ஆசிரியர்கள், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலை ஊரைச் சுற்றி வாருங்கள். எச்சரிக்கை ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது ஒலித்தது, கரண்ட் போனால் ஒலிக்குமா என்று பாருங்கள். எச்சரிக்கை வந்தால் ஊரில் முதலில் யாருக்குப் போன் வரும், அவர் ராத்திரி இரண்டு மணிக்கு எடுப்பாரா என்று கேளுங்கள். மேட்டுக்குப் போகும் வழியைக் கைக்குழந்தைக்காரரும் முடியாதவரும் நடக்கும் வேகத்தில் நடந்து பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் பூட்டிய கேட், உடைந்த வாராவதி எதுவும் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஜனவரி 15க்குள் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். ஊர் ஊராகத் தொகுத்துப் பிப்ரவரி இதழில் வெளியிட்டு, அந்தந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுப்போம். கேள்வி கேட்ட அந்தப் பையனின் ஊரிலிருந்து முதல் கடிதம் வரும் என்று ஆசிரியை எழுதியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்